கொர்லியோனே: ஓர் ஊரும் மூன்று திரைப்படங்களும்

வரலாற்றைக் கற்போர் ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் அரசாங்க அறிக்கைகளையும் சான்றுகளாகக் கொள்வர். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலக மக்களிற் பெரும்பாலோர், தாம் ஒருபொழுதும் கண்டிராத நாடுகளின் கடந்த காலத்தைத் திரைப்படங்கள் வாயிலாகவே அறிந்துகொண்டனர். சிசிலித் தீவின் உட்பகுதியில், பலேர்மோ நகருக்குத் தெற்கே மலைகளிடையே அமைந்துள்ள கொர்லியோனே என்னும் ஊருக்கு நேர்ந்தது இதற்குத் தக்க உதாரணமாகும். அப்பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது அவ்வூரன்று. அவ்வூரின் பெயரைச் சூடிய ஒரு கற்பனைக் குடும்பமே தோன்றுகின்றது.

மரியோ பூசோ 1969இல் வெளியிட்ட 'கோட்பாதர்' நாவலைத் தழுவி, பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1972, 1974, 1990 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களை நெறிப்படுத்தினார். முதலிரண்டும் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றன. தலைப்பாயமைந்த சொல் கத்தோலிக்கரிடையே திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையைக் குறிப்பது. குற்றக்கும்பலின் தலைவனுக்கு அச்சொல் உலகெங்கும் வழங்கலாயிற்றென்றால் அதற்குக் காரணம் இந்நாவலும் இப்படங்களுமே. இவற்றின் கலைச்சிறப்புப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கோர்டன் வில்லிஸின் இருள் செறிந்த ஒளிப்பதிவும் நீனோ ரோட்டாவின் இசையும் மார்லன் பிராண்டோ, அல் பசினோ, ரொபேட் டி நீரோ ஆகியோரின் நடிப்பும் இங்கு மீண்டும் புகழப்பட வேண்டியவையல்ல. வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா வேறு: இப்படங்கள் எந்த வரலாற்றைச் சொல்கின்றன? எதனைச் சொல்லாது விடுகின்றன?

இரண்டாம் படம் 1901இல் கொர்லியோனேயில் ஒரு மரண ஊர்வலத்துடன் தொடங்குகின்றது. ஒன்பது வயதுச் சிறுவன் விட்டோ அந்தொலினியின் தந்தை, உள்ளூர் மாபியாத் தலைவனை அவமதித்தமைக்காகக் கொல்லப்பட்டுள்ளார். பழிவாங்கக் காட்டுக்குள் மறைந்த அண்ணனும் பின்னர் தாயும் கொல்லப்பட, சிறுவன் தனியே கப்பலேறி நியூயோர்க்கை அடைகிறான்; அங்கு குடிவரவு அதிகாரி ஒருவர் ஊரின் பெயரையே அவனுக்குக் குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார். இக்காட்சிகள் மனதை உருக்குவன. ஆனால் இவற்றிலே மாபியா என்பது மானம், அவமதிப்பு, பழி ஆகியவற்றால் இயங்கும் ஒரு தொன்மையான வழக்கமாகவே தோன்றுகின்றது. நிலம் யாருக்குச் சொந்தம், அதில் யார் உழுதனர், குத்தகை எவ்வளவு என்ற வினாக்கள் எழுவதேயில்லை.

உண்மையில் மாபியா அவ்வளவு தொன்மையானதன்று. சிசிலியில் நிலமானிய முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1812இல். கரிபால்டியின் படை அத்தீவில் இறங்கியது 1860இல். இவ்விரு நிகழ்ச்சிகளின் பின்னர் நிலம் சந்தைக்கு வந்தது. பழைய பிரபுக்களின் காவலர்கள் வேலையிழந்தனர். புதிய இத்தாலிய அரசோ தொலைவிலிருந்து வரி கேட்டது, ஆட்சேர்த்தது, ஆனால் பாதுகாப்பளிக்கவில்லை. பலேர்மோவிலும் பிற நகரங்களிலும் வாழ்ந்த நிலப்பிரபுக்களிடமிருந்து பெருநிலங்களை மொத்தமாகக் குத்தகைக்கெடுத்து, ஏழைக் குடியானவருக்குத் துண்டு துண்டாகக் கீழ்க்குத்தகைக்கு விட்ட கபெல்லோத்தி எனப்படும் இடைத்தரகர் வர்க்கம் இச்சூழ்நிலையில் வலுப்பெற்றது. குத்தகையைக் கறக்க அவர்களுக்கு ஆயுதந் தாங்கியோர் தேவைப்பட்டனர். மறுபுறம், பலேர்மோவைச் சூழ்ந்த சமவெளியின் எலுமிச்சைத் தோட்டங்கள் ஏற்றுமதி வணிகத்தால் பெரும் இலாபம் ஈட்டின. நீர்ப்பங்கீட்டையும் தோட்டக் காவலையும் தம் கையிற்கொண்ட கூட்டத்தினர் தோட்டக்காரரிடம் பணம் பறித்தனர். மாபியா என்ற சொல்லே 1860களிற்றான் அரச அறிக்கைகளில் இடம்பெறலாயிற்று. 1876இல் தீவைச் சுற்றி ஆராய்ந்த லியோபோல்தோ ஃபிராங்கெத்தி, அங்கு வன்முறை ஒரு கைத்தொழிலாகவே நடத்தப்படுவதாகக் கண்டார். காலங்கடந்த மரபின் எச்சம் என்பதைவிட, சந்தைப் பொருளாதாரமும் புதிய அரசும் ஒருசேர நுழைந்த இடத்திற் பிறந்த குழந்தை மாபியா என்பதே பொருந்தும்.

முதற்படத்தில், கொலைசெய்துவிட்டுச் சிசிலிக்குத் தப்பியோடும் மைக்கேல், தந்தையின் ஊர்த் தெருக்களில் நடக்கின்றான். (இக்காட்சிகள் கொர்லியோனேயில் எடுக்கப்படவில்லை. ஊர் நவீனமாகிவிட்டதென்று கருதிய படக்குழுவினர் தீவின் கிழக்குக் கரையிலுள்ள சவோக்கா, ஃபோர்சா த'அக்ரோ ஆகிய ஊர்களை நாடினர்.) தெருக்களில் ஆண்களைக் காணோம். ஆண்கள் எங்கே என்று அவன் வினவ, பழிக்குப் பழி வாங்கும் பகையில் மாண்டுவிட்டனர் என விடை வருகின்றது. மறக்கவியலாத காட்சி, வரலாற்று நோக்கிற் பார்ப்பின், மூன்று படங்களிலும் இதனினும் பெரிய பிழை வேறில்லை. சிசிலியின் ஊர்களை ஆண்களற்றவையாக்கியது துப்பாக்கி அன்று, கப்பல். 1880க்கும் 1924க்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தென்னிலத்தவர். இப்புலப்பெயர்வுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைக் கொர்லியோனேயின் வரலாறே தெளிவாகக் காட்டுகின்றது.

1890களின் தொடக்கத்திற் சிசிலியெங்கும் 'ஃபாஷி' என்ற பெயரில் குடியானவர், தொழிலாளர் சங்கங்கள் தோன்றின. பிற்காலத்து முசோலினியின் இயக்கம் இதே சொல்லிலிருந்து பெயர் பெற்றதாயினும் இரண்டிற்கும் தொடர்பில்லை. கொர்லியோனேச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர் பெர்நார்தினோ வெர்ரோ என்பவர். 1893இல் அவ்வூரிற் கூடிய குடியானவர் பிரதிநிதிகள், நிலவுடைமையாளர் முன் வைக்கவேண்டிய புதிய குத்தகை நிபந்தனைகளை வகுத்தனர். 'கொர்லியோனே உடன்படிக்கைகள்' எனப் பெயர்பெற்ற இவற்றை முன்னிறுத்திப் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. இத்தாலியக் குடியானவர் வரலாற்றில் கூட்டு ஒப்பந்தத்துக்கான முதல் முயற்சிகளுள் இதுவொன்று. 1894 சனவரியில் பிரதமர் கிரிஸ்பி, அவரும் சிசிலியரே, இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சங்கங்களைக் கலைத்தார், தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். அதன்பின்னரே கப்பல்கள் நிரம்பி வழிந்தன. படத்தில் அந்தொலினியின் மரண ஊர்வலம் நடைபெறும் 1901ஆம் ஆண்டுக்கு முன்னைய எட்டாண்டுகளின் கதை இதுவாகும். அதன் சாயல்கூடத் திரையில் இல்லை.

வெர்ரோவின் வாழ்க்கை புனிதர் வரலாறன்று. தொடக்கத்தில் அவர் உள்ளூர் மாபியாக் கூட்டத்திற் சேர்ந்து, அவர்களின் சத்தியச் சடங்கிற்கும் உட்பட்டிருந்தார்; சங்கத்தை வளர்க்க அவர்களின் துணை உதவுமென எண்ணினார் போலும். வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் யார் பக்கம் நின்றனர் என்பதைக் கண்டபின் விலகிக்கொண்டார். சிறை, நாடுகடந்த வாழ்வு ஆகியவற்றுக்குப் பின்னர் கூட்டுறவு முறையில் நிலங்களை நேரடியாகக் குத்தகைக்குப் பெற்று, இடைத்தரகரை விலக்கும் பணியில் ஈடுபட்டார். 1914இல் ஊர்மக்கள் அவரை மேயராகத் தெரிவுசெய்தனர். 1915 நவம்பர் 3ஆந் தேதி வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எவரும் தண்டிக்கப்படவில்லை.

இனி அமெரிக்காவை நோக்குவோம். கொர்லியோனேயிலிருந்து நியூயோர்க் சென்று குற்றக்கும்பல் அமைத்தவர் உண்மையிலேயே இருந்தனர். 1892இல் அங்கு குடியேறிய ஜுசெப்பே மொரெல்லோ கள்ளநோட்டுத் தொழிலிற் பேர்பெற்றவன். ஆனால் குடியேறிய இலட்சக்கணக்கானோருள் இத்தகையோர் மிகச் சிலரே. அவர்களின் பழி முழுச் சமூகத்தின்மேலும் விழுந்தது. 1891இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில், பொலிஸ் தலைவரின் கொலை தொடர்பில் நீதிமன்றம் தண்டிக்காத இத்தாலியரையும் உள்ளிட்டு 11 பேரைச் சிறைக்குள் புகுந்த கூட்டம் கொன்றது. இத்தகைய அநீதியின் நினைவு, பின்னாளில் வேறொரு கூட்டத்துக்குக் கவசமாயிற்று. 1970இல் இத்தாலிய அமெரிக்கர் குடியுரிமை அமைப்பொன்றைத் தொடங்கி, தம்மினத்தவர் இழிவுபடுத்தப்படுகின்றனர் என முழங்கிய ஜோசப் கொலம்போ, நியூயோர்க் மாபியாக் குடும்பங்களுள் ஒன்றின் தலைவனாவான். 'கோட்பாதர்' படப்பிடிப்புக்கு அவ்வமைப்பு எதிர்ப்புத் தெரிவிக்க, தயாரிப்பாளர் அல்பேட் ரடி 1971இல் உடன்பாடு செய்துகொண்டார்: திரைக்கதையிலிருந்து 'மாபியா' என்ற சொல் நீக்கப்படும். அவ்வாறே முதற்படத்தில் அச்சொல் ஓரிடத்திலும் ஒலிக்கவில்லை. மாபியா பற்றிய உலகின் மிகப் புகழ்பெற்ற படத்திலிருந்து மாபியாவே தன் பெயரை அழித்துக்கொண்டது! அதே ஆண்டு சூன் மாதம் தன் அமைப்பின் கூட்டத்திலேயே கொலம்போ சுடப்பட்டான்; செயலற்ற உடலுடன் 1978வரை கிடந்து இறந்தான்.

இப்படத்தைப் படைத்தவர்கள் மாபியாவை நேரில் அறிந்தவர்களல்லர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கடன் தொல்லையால் பணத்துக்காகவே நாவலை எழுதியதாகவும், உண்மையான கும்பற்காரர் எவரையும் தாம் சந்தித்ததில்லையெனவும் பூசோ ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். தலைவன் விட்டோவின் பேச்சுக்குத் தம் தாயின் குரலையே முன்மாதிரியாகக் கொண்டாராம். பூசோவின் பெற்றோரும் கொப்போலாவின் முன்னோரும் தென்னித்தாலியராயினும் சிசிலியரல்லர். நடிகருள் அல் பசினோவின் தாய்வழிப் பாட்டனார் மட்டும் கொர்லியோனேயிலிருந்து சென்றவர். எனவே நாம் திரையிற் காண்பது, குடியேறிய ஏழைத் தென்னித்தாலியக் குடும்பமொன்றின் திருமண விருந்தும் சமையலும் தாய்ப்பாசமும் தந்தையின் அதிகாரமுமாகும். அவை உண்மையானவை. அவ்வுண்மையின் ஒளியிற் கொலைத்தொழிலும் குடும்பப் பொறுப்பாகத் தோன்றுகின்றது. முதற்படத்திற் பணம் பறிகொடுத்த கடைக்காரனையோ கடன்வட்டியில் அழிந்த தொழிலாளியையோ நாம் காண்பதில்லை. கொல்லப்படுவோர் பெரும்பாலும் மற்றொரு கும்பலைச் சேர்ந்தவரே.

போதைப்பொருள் பற்றிய பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விட்டோ அவ்வணிகத்தை மறுப்பதும், அம்மறுப்பினாலேயே சுடப்படுவதும் முதற்படத்தின் அச்சாணி. பழைய தலைமுறையினர் மானமுடையோர், புதியவரே கெட்டவர் என்ற கருத்து இதனாற் பரவியது. ஆயின் நியூயோர்க் மாபியாவை ஒழுங்கமைத்த லக்கி லூசியானோ 1916இலேயே போதைப்பொருள் வைத்திருந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டவன்; விட்டோ ஜெனொவேசே 1959இல் தண்டிக்கப்பட்டதும் போதைப்பொருட் சதிக்காகவே. பழையோரின் மானம் என்பது அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்ட கதை.

இவ்வளவு கூறியபின், இப்படங்களை வெறும் புனைவென ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. சிசிலியைப் பற்றி அவை தவறினாலும் அமெரிக்காவைப் பற்றிக் கூறுவதில் அபூர்வமான துணிவு காட்டின. முதற்படத்தில் மைக்கேல் தன் காதலியிடம், தன் தந்தை அதிகாரம் படைத்த எந்த மனிதரையும் போன்றவரே என்கிறான். செனட்டர்களும் ஜனாதிபதிகளும் ஆட்களைக் கொல்விப்பதில்லையே என அவள் கூற, பேதைமை யாருடையது என அவன் திருப்பிக் கேட்கின்றான். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1972இல் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒலித்த வினா இது. நிக்சன் பதவி துறந்த 1974இன் இறுதியில் வெளிவந்த இரண்டாம் படம் மேலும் செல்கின்றது. 1958இன் இறுதி நாட்களில் ஹவானாவில், கியூப ஜனாதிபதியின் மேசையைச் சுற்றி அமெரிக்கக் கம்பனிகளின் பிரதிநிதிகளும் மைக்கேலும் சூதாட்ட முதலாளி ஹைமன் ரோத்தும் சரிநிகராக அமர்ந்திருக்கின்றனர். பொன்னாலான தொலைபேசியொன்று கைமாறுகின்றது. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியொன்று பட்டிஸ்டாவுக்கு அத்தகைய பரிசளித்தது உண்மை நிகழ்ச்சியே. பின்னர் ரோத்தின் பிறந்தநாளில், கியூபாவின் வடிவம் தீட்டப்பட்ட கேக் துண்டுகளாக்கிப் பங்கிடப்படுகின்றது. பொலிசாருடன் தன்னுயிரையும் மாய்த்த கிளர்ச்சிக்காரன் ஒருவனைக் கண்ட மைக்கேல், படையினர் ஊதியம் பெறுபவர், கிளர்ச்சிக்காரர் பெறாதவர், ஆகவே அவர்கள் வெல்லக்கூடும் எனக் கணிக்கின்றான். புரட்சியை இலாபநட்டக் கணக்கிற் புரிந்துகொள்ளும் அவ்வறிவு கூரியது. மாபியாவைத் தாம் அமெரிக்க முதலாளித்துவத்தின் உருவகமாகக் கையாண்டதாகக் கொப்போலா கூறியுள்ளமை இக்காட்சிகளாற் புலனாகின்றது.

மூன்றாம் படம் கலைநோக்கிற் பலவீனமானது. எனினும் அதிலொரு வரலாற்று முரண்நகை பொதிந்துள்ளது. 1979இல் தன் செல்வத்தைத் தூய்மைப்படுத்த விழையும் மைக்கேல், வத்திக்கானுடன் தொடர்புடைய இம்மொபிலியாரே என்ற நிறுவனத்தை வாங்க முயல்கின்றான். அப்பெயரையொத்த கட்டட, காணி நிறுவனம் ரோமில் உண்மையில் இருந்தது. வத்திக்கான் விட்டுக்கொடுத்த அதன் பங்குகளைப் பெற்றவர், மாபியாத் தொடர்புடையவரெனப் பின்னர் அறியப்பட்ட சிசிலிய வங்கியாளர் மிக்கேலே சிந்தோனா. 1970 அளவில் அந்நிறுவனம் வாங்கிய சொத்துக்களுள் ஒன்று, பரமவுண்ட் கம்பனியின் ஹொலிவூட் கலையகக் காணியின் ஒரு பங்கு. பரமவுண்டே இம்மூன்று படங்களையும் வெளியிட்ட கம்பனி. சிந்தோனா 1986இல் இத்தாலியச் சிறையில் நஞ்சுண்டு இறந்தார்.

மீண்டும் கொர்லியோனேக்கு வருவோம். மைக்கேல் அங்கு மறைந்து வாழ்வதாகக் காட்டப்படும் 1940களின் பிற்பகுதி, சிசிலியக் குடியானவர் தரிசு நிலங்களைக் கைப்பற்றிப் பயிரிடப் போராடிய காலமாகும். 1947 மே 1ஆந் தேதி போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராவில் தொழிலாளர் தினத்துக்குக் கூடியிருந்த மக்கள்மேல், கொள்ளைக்காரன் ஜுலியானோவின் கூட்டம் சுட்டதில் 11 பேர் மாண்டனர். படத்துக்கென எடுக்கப்பட்டுத் திரையரங்கப் பிரதியிலிருந்து நீக்கப்பட்ட காட்சிகளுள் ஒன்றில், செங்கொடி தாங்கிய குடியானவர் ஊர்வலமொன்று மைக்கேலைக் கடந்து செல்கின்றது. நீளங்கருதி நீக்கினார்களோ என்னவோ, வெட்டப்பட்டது அவ்வூர்வலமே. திராட்சைக் கொடிகளும் திருமணமும் எஞ்சின.

அவ்வூர்வலத்தில் நடந்திருக்கக்கூடியவர் பிளாசிதோ ரிசொத்தோ. பாசிசத்துக்கெதிரான கெரில்லாப் போரில் வட இத்தாலியில் ஈடுபட்டு ஊர் திரும்பி, கொர்லியோனேத் தொழிற்சங்கத்தின் செயலாளரானவர். 1948 மார்ச் 10ஆந் தேதி இரவு அவர் கடத்திச் செல்லப்பட்டார். கொலையைக் கண்டதாகக் கூறிய ஆட்டிடைச் சிறுவனொருவன் பிதற்றும் நிலையில் ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே இறந்தான். மருத்துவமனைக்குப் பொறுப்பாயிருந்த வைத்தியர் மிக்கேலே நவார்ரா, ஊர் மாபியாவின் தலைவருமாவார். சிறுவரையும் பெண்களையும் மாபியா தீண்டுவதில்லை என்ற கதையை நம்புவோர் இச்சிறுவனை நினைத்தல் வேண்டும். ரிசொத்தோவைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட லூசியானோ லெஜ்ஜோ சாட்சியின்மையால் விடுவிக்கப்பட்டான். பத்தாண்டுகளின் பின் நவார்ராவை ஒழித்து ஊரின் தலைமையைப் பற்றினான். அவனிடம் வளர்ந்த ரீனா, புரொவென்சானோ இருவருமே பின்னர் சிசிலிய மாபியா முழுவதையும் கொர்லியோனேயரின் பிடிக்குள் கொணர்ந்தனர்.

ரிசொத்தோவின் இடத்தை நிரப்ப அவ்வூருக்குச் சென்ற இளைஞர் பியோ லா தோர்ரே. கொலையைத் துப்பறிந்த இராணுவப் பொலிஸ் கப்டன் தல்லா கியேசா. முப்பதாண்டுகளுக்குப் பின்னர், ஒருவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் மற்றவர் பலேர்மோவின் அரச அதிபராகவும் இருந்த நிலையில், 1982 ஏப்பிரலிலும் செப்தெம்பரிலும் இருவரும் கொல்லப்பட்டனர். அம்மாதமே லா தோர்ரே வரைந்த சட்டம் நிறைவேறியது. மாபியாவில் அங்கம் வகித்தலே குற்றமென்பதும், அதனால் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்யலாமென்பதும் இத்தாலியச் சட்டத்தில் அப்பொழுதே முதன்முறையாக இடம்பெற்றன. 1986இல் பலேர்மோவில் தொடங்கிய பெருவழக்கில் அடுத்த ஆண்டு டிசம்பரில் 338 பேர் தண்டிக்கப்பட்டமைக்கு அச்சட்டமே அடிப்படை. அவ்வழக்கை உருவாக்கிய நீதிபதிகள் ஃபல்கோனேயும் பொர்செல்லினோவும் 1992இற் குண்டுவைத்துக் கொல்லப்பட்டனர். ரீனா 1993இலும் புரொவென்சானோ 2006இலும் கைதாயினர். கொப்போலாவின் மூன்றாம் படம் பலேர்மோவின் மாபெரும் இசைநாடக அரங்கின் படிகளில் மைக்கேலின் துயரத்துடன் உச்சமெய்தியபொழுது, அதே நகரில் இவ்வுண்மை நாடகம் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

திரையின் கதை உண்மை உலகையும் மாற்றியது. 1991இல் அரச சாட்சியாக மாறிய நியூயோர்க் மாபியாக்காரன் சல்வத்தோர் கிரவானோ, முதற்படத்தைப் பார்த்துத் தான் மெய்மறந்ததாகவும் தங்கள் வாழ்வையே அதிற் கண்டதாகவும் கூறியுள்ளான். தமிழில் 1987இல் மணிரத்னம் நெறிப்படுத்திய 'நாயகன்' பம்பாய்த் தமிழரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த வரதராஜ முதலியாரின் வாழ்வை இப்படங்களின் அச்சில் வார்த்தது. அங்கும் மக்கள் தம் துயருக்கு நீதி கேட்டு ஒரு மனிதனின் வாசலில் நிற்கின்றனர், தாமே ஒன்றுகூடுவதில்லை. இவ்வமைப்பிலுள்ள கவர்ச்சி மறுக்கமுடியாதது. அதனாற்றான் வெர்ரோவையும் ரிசொத்தோவையும் போன்றோருக்கு இக்கதைகளில் இடங்கிடைப்பதில்லை.

கொர்லியோனேக்கு அருகிலுள்ள ரொக்கா புசாம்ப்ரா மலையின் ஆழ்ந்த பிளவொன்றிலிருந்து 2009இல் மனித எலும்புகள் மீட்கப்பட்டன. அவை ரிசொத்தோவினுடையவை என்பது மரபணுச் சோதனையால் 2012 மார்ச்சில் உறுதியாயிற்று. அவ்வாண்டு மே 24ஆந் தேதி இத்தாலிய ஜனாதிபதி நாப்பொலித்தானோவின் முன்னிலையில், அரச மரியாதையுடன் கொர்லியோனேயில் அவரது இறுதிச் சடங்கு நடைபெற்றது. மாபியாவிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட அயற்பகுதி நிலங்களில், அவர் பெயரால் 2001இல் அமைந்த கூட்டுறவுச் சங்கம் அதற்கு முன்னரே கோதுமையும் திராட்சையும் பயிரிடத் தொடங்கியிருந்தது.